பொன்னுரங்கம் சொன்ன உண்மை

பொன்னுரங்கத்திடம் ஒரு அங்குலம் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. கீரப்பாளையம் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். வாய்க்கால் மதகில் லஸ்கர் வேலை அவருக்கு. பெரிய உத்தியோகம் ஒன்றும் இல்லை. ஷட்டரை ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், வந்து அடைத்துக்கொள்ளும் ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போட வேண்டும், காலை ஆறு மணிக்கு அளவுக்கல்லைப் பார்த்துத் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று ஆபீசுக்குப் போன் போட வேண்டும். மூன்றடி இரண்டு அங்குலம் நின்றால் மூன்றடி இரண்டு அங்குலம் என்றுதான் அவர் வாயில் வரும். கடைமடையில் நிலம் வைத்திருக்கும் தில்லைநாதன் வருஷக்கணக்காகக் கெஞ்சியும் பார்த்துவிட்டார், மிரட்டியும் பார்த்துவிட்டார். "ரெண்டு அங்குலம் கொறச்சிச் சொல்லுய்யா, மேல இன்னுங் கொஞ்சம் தொறந்து வுடுவான். ஒங் கையில இருந்தா போவுது?" என்பார். பொன்னுரங்கம் தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார். மறுநாளும் கல்லில் நின்ற கணக்குதான் ஆபீசுக்குப் போகும்.

அவர் சம்சாரம் செல்லாயி இதைக் களை பறிக்கிற இடத்தில் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொள்வாள். கலியாணமான புதிதில் ஒரு தீபாவளிக்குப் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்று எப்படி இருக்கிறது என்று கேட்டாளாம். மனுஷன் நிதானமாக மேலும் கீழும் பார்த்துவிட்டு, நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டாராம். இருபத்தைந்து வருஷம் ஆகிறது, அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் போகவில்லை. கூட நிற்கும் பெண்கள் சேற்றுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

வெளியில் இப்படி என்றால், டாக்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கேட்டதற்கும் பதில் வரும், கேட்காததற்கும் வரும். அதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரே மகள் இசைவாணிக்கு ஏழு வயதில் பள்ளிக்கூடத்து மைதானத்தில் வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியவர்கள், ஊர் பேச்சைக் கேட்டுப் பக்கத்து ஊரில் ஒருவரிடம் கொண்டுபோய்ப் பிள்ளையின் கணுக்காலில் சூடு போட்டார்கள். புண் சீழ் வைத்தது. காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்த பிறகுதான் சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கேயும் அடுப்புக் கொள்ளியில் கால் வைத்துவிட்டாள் என்று பொன்னுரங்கம் சொன்னார். வலிப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. அன்று சாயங்காலம் வார்டிலேயே பிள்ளைக்குத் திரும்ப வந்தது. அங்கிருந்த டாக்டரம்மா சத்தம் போடவில்லை. அவரைத் தனியே கூப்பிட்டு, "எங்ககிட்ட ஒண்ண மறைச்சா நாங்க கண்ணக் கட்டிக்கிட்டுதான் வைத்தியம் பாக்கணும். இந்தப் புள்ள செத்திருந்தா நீங்க சொன்ன பொய்யாலதான் செத்திருக்கும்" என்றார்.

அன்றைக்கு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று அழுதவர்தான். அதன் பிறகு டாக்டரிடம் எதையும் மறைத்ததில்லை. எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் கேட்பது பழைய சீட்டு இருக்கிறதா என்றுதானே? இருக்கிறது. ஒன்று விடாமல் இருக்கிறது. துணிக்கடைப் பை ஒன்றில் மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனைத் தாள், ஸ்கேன் படம் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தார். சாதாரணச் சளிக்குப் போனாலும் பை கூடவே போகும். பத்து வயதில் இன்னொரு தடவை வலிப்பு வந்தது. அதுதான் கடைசி. பதின்மூன்று வயதில் மாத்திரையை நிறுத்தினார்கள். அப்புறம் பிள்ளை படிப்பென்ன, விளையாட்டென்ன, வலிப்பு வந்தவள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். யாரிடமும் சொல்லவும் இல்லை. நாளைக்கு ஒருவன் கட்டிக்கொள்ள வரவேண்டுமே என்று செல்லாயி அதை வாசற்படி தாண்ட விடவில்லை.

மாத்திரையை நிறுத்திய அந்த வருஷம்தான் பெருவெள்ளம். தெருவே தண்ணீரில் கிடந்தது. பள்ளிக்கூட மாடியில் ஒண்டிக்கொண்டிருந்தவர்களுக்கு ஹெலிகாப்டரிலிருந்து சோற்றுப் பொட்டலம் போட்டார்கள். எல்லாரும் பொட்டலம் விழுகிற இடத்துக்கு ஓடினார்கள். இசைவாணி மட்டும் நின்ற இடத்திலேயே நின்று, இத்தனை காற்றில் அந்த ஹெலிகாப்டரை ஆடாமல் நிறுத்தி வைத்திருப்பவர் யார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் சேர்த்துச் செல்லாயிதான் முட்டி மோதிப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். கடலூரில் ஆஸ்டலில் தங்கி பிஸிக்ஸ் முடித்த கையோடு, வடக்கே ஒரு விமானப் பயிற்சிப் பள்ளிக்குப் பரீட்சை எழுதினாள். இடம் கிடைத்தது. படிப்புச் செலவுக்கு அரசாங்க உதவித்தொகையும் கிடைத்தது. தை மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். மெடிக்கல் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி.

விமானம் ஓட்டுகிறவர்களுக்கு மெடிக்கல் தனி. அதற்கென்று அனுமதி வாங்கிய டாக்டர்தான் பார்க்க வேண்டும். ஐப்பசி முதல் வாரத்தில் சென்னையில் தேதி கிடைத்தது. துணைக்கு வா என்று அப்பாவைக் கூப்பிட்டாள். போகிற இடம் டாக்டர் வீடு என்று தெரிந்ததும் பொன்னுரங்கம் வழக்கம்போலத் துண்டுக்கு அடியில் அந்தப் பையை வைத்துக்கொண்டார். அவளிடம் காட்டவேண்டும் என்று தோன்றவில்லை. செருப்பு போட்டுக்கொண்டதை யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா?

அவளும் ஒன்றை அவரிடம் சொல்லவில்லை. விண்ணப்பத்தில் வலிப்பு, மயக்கம், நினைவு தப்புதல் எப்போதாவது உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. அவள் இல்லை என்று போட்டிருந்தாள்.

டாக்டர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நரைத்த மீசை, மெதுவான பேச்சு. கண்ணைப் பார்த்தார், காதைப் பார்த்தார், நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் குடும்பத்தில் யாருக்கு என்ன வியாதி, தாத்தா எதனால் இறந்தார் என்று கேட்டார். தாத்தா எதனால் இறந்தார் என்பது இசைவாணிக்கு எப்படித் தெரியும்? அப்பாவுக்குத்தான் தெரியும் என்று அவளே எழுந்துபோய்க் கூப்பிட்டு வந்தாள். பாவிப் பெண் அவளே கூப்பிட்டு வந்தாள்.

பொன்னுரங்கம் தன் அப்பா பாம்பு கடித்து இறந்ததைச் சொன்னார். தன் மாமியாருக்குச் சர்க்கரை இருந்ததைச் சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டே, வேறு ஏதாவது உண்டா என்று பொதுவாகக் கேட்டு வைத்தார்.

"பழைய சீட்டெல்லாம் கொண்டாந்திருக்கன் சார்" என்று பொன்னுரங்கம் பையை மேஜைமேல் வைத்தார்.

இசைவாணி கையை நீட்டினாள். அதற்குள் டாக்டர் பையைப் பிரித்துவிட்டார். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். தேதி வாரியாக அல்லவா இருக்கிறது, தேடவேண்டிய சிரமமே இல்லை. முதல் சீட்டிலேயே வலிப்பு என்று இருந்தது. பொன்னுரங்கம், மூன்றாவது தடவை வந்தது இந்த வருஷம், மாத்திரையை நிறுத்தியது இந்தத் தேதி என்று விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். மகளின் முகத்தைத் தற்செயலாகப் பார்த்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

டாக்டர் நல்ல மனுஷர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, பார்த்ததைப் பார்க்காத மாதிரி இருக்க என்னால் முடியாது அம்மா என்றார். விண்ணப்பத்தை அவளிடமே கொடுத்து, அந்தக் கேள்விக்குப் பதிலை அவள் கையாலேயே திருத்தச் சொன்னார். இப்போதைக்குத் தகுதியில்லை என்றுதான் எழுதுகிறேன், எப்போதைக்கும் இல்லை என்று எழுதவில்லை. நரம்பு டாக்டர் ஒருவர் எல்லாப் பரிசோதனையும் செய்து, இத்தனை வருஷமாக வலிப்பும் இல்லை, மாத்திரையும் இல்லை என்று கடிதம் கொடுத்தால் மேலே அனுப்பிப் பார்க்கலாம். அவர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் ஒரு வழி இருக்கிறது என்றார். இசைவாணி திருத்திய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

திரும்பும் பஸ் விழுப்புரம் தாண்டியது. பிறகு பொன்னுரங்கம், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள்.

வீட்டில் செல்லாயி பேசினாள். அவள் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. "ஊரு ஒலகத்துல அப்பன்காரன் புள்ளைக்காவக் கொல செஞ்சிட்டுக்கூட மறைக்கிறான். நீ அவ நெஞ்சில கால வச்சி மெறிச்சிட்டு வந்து நிக்கிறியேய்யா" என்றாள். பொன்னுரங்கம், டாக்டர் கேட்டாரே என்றார். செல்லாயி அந்தப் பையை எடுத்து அடுப்பில் போடப் போனாள். இசைவாணிதான் பிடுங்கி வைத்தாள். நரம்பு டாக்டருக்கு அந்தச் சீட்டுகள் வேண்டுமே.

ஐப்பசி பாதியில் மழை பிடித்துக்கொண்டது. வீராணம் ஏரி நிரம்பி, மேலேயிருந்து தண்ணீரை அள்ளி விட்டார்கள். பொன்னுரங்கத்துக்கு வீடு மதகு என்ற வித்தியாசம் இல்லாமல் போயிற்று. ஷட்டர் கைப்பிடியை நாற்பது சுற்று சுற்றினால்தான் ஓரடி ஏறும். வயலில் தண்ணீர் நிற்கிறது, இறக்கு என்று ஒருவர் வருவார். கரை தாங்காது, ஏற்று என்று ஆபீசிலிருந்து போன் வரும். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அவர் சுற்றிக்கொண்டே இருந்தார். உடம்பு அலுத்தால் தூக்கம் வரும் என்பார்கள், அவருக்கு அதுவும் வரவில்லை. சோறு இறங்கவில்லை. இரண்டு வாய் அள்ளுவார், மூன்றாவது வாயைத் தட்டிலேயே பிசைந்துகொண்டிருப்பார். வேட்டி இடுப்பில் நிற்காமல் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டார். திட்டிய செல்லாயியே பயந்துபோய், போனது போகட்டும், சாப்பிடுய்யா என்று கெஞ்ச ஆரம்பித்தாள்.

இதற்கு நடுவில் சிதம்பரத்தில் இசைவாணிக்குப் பரிசோதனைகள் நடந்தன. மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். தலை முழுக்க ஒயர் ஒட்டி, தூங்கவைத்து ஒரு தடவை, முழித்திருக்கும்போது ஒரு தடவை பார்த்தார்கள். ஒரு குற்றமும் இல்லை. கார்த்திகை பத்தாம் தேதி வாருங்கள், கடிதம் எழுதித் தருகிறேன், கூட இருந்து பார்த்துக்கொண்ட பெரியவர் ஒருவரையும் அழைத்து வாருங்கள் என்று நரம்பு டாக்டர் பாலகுமார் சொல்லியிருந்தார்.

அதற்கு இரண்டு நாள் முன்னால், மத்தியானம், மழை கொஞ்சம் விட்டிருந்தது. இசைவாணி அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு மதகுக்குப் போனாள். கெளுத்தி மீன் குழம்பு. பொன்னுரங்கத்துக்கு உயிர் அது. மதகுக் கட்டையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தவர், மூடி வைத்துவிட்டார். கீழே செம்மண் நிறத்தில் தண்ணீர் இரைந்துகொண்டு போயிற்று.

"ஒன் வாழ்க்கைய நானே கெடுத்துட்டன்மா" என்றார். "அந்தப் பைய எதுக்கு எடுத்தம்னு இருக்குது. கைய வெட்டிப் போட்டுக்கலாமான்னு இருக்குது."

அவள் அவரைப் பார்த்தாள். கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு, கைப்பிடி சுற்றிச் சுற்றி உள்ளங்கை கொப்புளித்து, யாரோ மாதிரி இருந்தார். அவளுக்கு அழுகை வந்தது. அழவில்லை. டிபன் பாக்ஸை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நீ ஒண்ணும் கெடுக்கலப்பா. போன வருஷம் ஆஸ்டல்ல எனக்கு ஒரு வாட்டி வந்துச்சி. பாத்ரூம்ல. நானா எழுந்து வந்துட்டன், யாருக்கும் தெரியாது. அன்னைக்கி நீ பைய எடுக்காம இருந்திருந்தாலும் நான் பிளேன்ல ஏறக் கூடாதவதான். ஒம் மேல தப்பு இல்ல. நீ சாப்புடு."

பொன்னுரங்கம் அவளையே பார்த்தார். நெசமா என்று கேட்கவில்லை. மகள் பொய் சொல்வாள் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அவர் நெஞ்சில் ஒரு மாதத்துக்கு மேலாக உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. பெற்ற பிள்ளைக்குத் திரும்பவும் வலிப்பு வந்தது என்று கேட்ட அப்பனுக்கு வரவேண்டியது நிம்மதியா? வந்ததே. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் டிபன் பாக்ஸைத் திறந்தார். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். குழம்பு ஒட்டியிருந்த மூடியைக்கூட வழித்தார். அவள் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அன்றைக்கு மழைச் சத்தத்தில் மதகு ஷெட்டிலேயே படுத்துத் தூங்கினார். ஆபீசிலிருந்து வந்த போன்கூட அவருக்குக் கேட்கவில்லை.

இசைவாணி நிம்மதியாக வீட்டுக்கு வந்தாள். அப்பா சாப்பிட்டுவிட்டார். அவளுக்கு அப்போது அது போதுமாக இருந்தது. தன் அப்பா எப்படிப்பட்டவர் என்று இருபத்திரண்டு வருஷமாகத் தெரிந்தவள், அந்தச் சொல்லை அவரிடம் ஒப்படைக்கும்போது அதை மறந்துபோனாள்.

கார்த்திகை பத்தாம் தேதி இருவரும் சிதம்பரம் போனார்கள். பொன்னுரங்கம் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மகளுக்குத் திரும்ப வந்திருக்கிறது, டாக்டரிடம் சொல்லி மாத்திரை ஆரம்பிக்கத்தான் போகிறோம் என்று அவர் நினைத்திருந்தார். அவளாகவே சொல்லிவிடுவாள், படித்த பெண் அல்லவா. கூட்டம் வராந்தாவரைக்கும் நின்றது. டோக்கன் நாற்பத்தேழு. மழையில் நனைந்து வந்தவர்களின் துணியும் மருந்தும் சேர்ந்து ஒரு வாடை. பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் பாலகுமாருக்கு நாற்பது வயது இருக்கும். உள்ளே போனதும் அவளைப் பார்த்துச் சிரித்தார். நம்ம ஊரிலிருந்து ஒரு பைலட்டை அனுப்பி வைக்கலாம் என்று பார்க்கிறேன் என்றார். பொன்னுரங்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டர் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்துகொண்டே, பொன்னுரங்கத்துக்கும் விளங்கட்டும் என்று தமிழில் படித்துச் சொன்னார். ஏழு வயதில் இரண்டு தடவை. பத்து வயதில் ஒரு தடவை. பதின்மூன்று வயதிலிருந்து மருந்து இல்லை. ஸ்கேன் சரி. மூளை அலை சரி.

"பத்து வயசுக்கப்பறம் ஒரு தடவகூட வரல. பன்னெண்டு வருஷம். சரிதானேம்மா?"

"ஆமா சார். வரல" என்றாள் இசைவாணி.

பொன்னுரங்கத்துக்கு அப்போதுதான் விளங்கியது. இவள் மாத்திரைக்கு வரவில்லை. ஓட்டத்தான் வந்திருக்கிறாள். பின்னால் இருநூறு பேரை வைத்துக்கொண்டு, அந்த உயரத்தில், கையும் காலும் வெட்டிக்கொண்டு இவள் கிடந்தால்? ஏழு வயதில் மண்ணில் கிடந்த முகம் அவர் கண் முன்னால் வந்தது.

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "பெரியவரே, வலிப்பு வந்தவங்களுக்கு வந்தது தெரியாது. அதனாலதான் கூட இருக்கறவங்களக் கேக்கறோம். நீங்கதான் சாட்சி. வரலயே?"

இசைவாணி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணால் கெஞ்சினாள். ஒரே ஒரு சொல்தான். இல்லை என்று சொன்னால் போதும். சொல்லிவிடலாம் என்றுதான் பொன்னுரங்கமும் வாயைத் திறந்தார். சாமி சத்தியமாக அந்தச் சொல்லைச் சொல்லத்தான் திறந்தார்.

"போன வருஷம் ஆஸ்டல்ல ஒருவாட்டி வந்துச்சாம் சார்."

டாக்டரின் விரல் நின்றது. வெளியே நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு என்று நர்ஸ் கூப்பிடுவது கேட்டது.

"அது பொய் சார்" என்றாள் இசைவாணி. "அப்பா ஒரு மாசத்துக்கு மேல சாப்புடல. தூங்கல. தன்னாலதான் எனக்கு இப்படி ஆச்சின்னு செத்துக்கிட்டிருந்தாரு. அவரு சாப்புடணும்னு நான் சொன்னன் சார். அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல."

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். பிறகு, யாராவது பார்த்தார்களா, ஆஸ்டல் அறையில் கூட இருந்தது யார் என்று கேட்டார். பிரிசில்லா, போன் நம்பர் இருக்கிறது, இப்போதே கேளுங்கள் என்று அவள் போனை எடுத்தாள். டாக்டர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"அந்தப் பொண்ணு பாக்கலன்னு சொல்லும்மா. வரலன்னு அதால சொல்ல முடியாது. நீ சொல்றது நெசமா இருக்கலாம். நெசம்னுதான் எனக்கும் தோணுது. ஆனா கடிதத்துல எனக்குத் தோணறத எழுத முடியாது. இந்த மேஜையில என்ன சொன்னாங்களோ அததான் எழுதணும்."

"சார்" என்று பொன்னுரங்கம் எழுந்துவிட்டார். "நான் சொன்னத அடிச்சிடுங்க சார். அவ சொல்றதுதான் சரி. எனக்கு ஒண்ணும் தெரியாது சார். நான் படிக்காதவன்."

"உக்காருங்க" என்றார் டாக்டர். "நீங்க உண்மையத்தானே சொன்னீங்க?"

பொன்னுரங்கம் உட்காரவில்லை. நின்றுகொண்டே, ஆமாம் என்று தலையாட்டினார். அதற்கும் அவருக்கு உண்மையைத்தான் சொல்ல வந்தது. மகள் அப்படிச் சொன்னாள் என்பது உண்மைதானே?

டாக்டர் எழுதிய வரியை அழித்தார். மெதுவாக வேறு வரி அடித்தார். போன வருஷம் ஒரு தடவை வந்திருக்கலாம் என்று தகப்பனார் கூறுகிறார், நோயாளி மறுக்கிறார். இதை எடுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று இசைவாணி கேட்டாள். வலிப்பு வராத வருஷக் கணக்குப் போன வருஷத்திலிருந்து திரும்ப ஆரம்பிக்கும் என்றார். எத்தனை வருஷம் என்று அவள் கேட்கவில்லை. கடிதத்தை இரண்டாக மடித்து அவளிடம் கொடுக்கும்போது டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பஸ் ஸ்டாண்டு ஓரத்துக் கடையில் இட்லியும் கொத்சும் வாங்கி வைத்தார் பொன்னுரங்கம். அவள் சாப்பிட்டாள். அவரும் சாப்பிட வேண்டும் என்பதற்காகவே சாப்பிட்டாள் போலிருந்தது. செல்லாயியிடம் என்ன சொல்வது என்று அவர் கேட்டார். மேலே ஒப்புக்கொள்ளவில்லையாம் என்று நான் சொல்லிக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்காதே என்றாள். சரி என்றார். அது தன்னால் ஆகிற காரியமா என்று அவருக்கே தெரியவில்லை.

சேத்தியாத்தோப்பு டவுன் பஸ் காலியாகத்தான் வந்தது. ஜன்னல் ஓரம் அவள், பக்கத்தில் அவர். திரும்ப மழை பிடித்துக்கொண்டது. நடத்துநர் ஜன்னல் தகரத்தையெல்லாம் இறக்கிவிட்டுப் போனார். கொஞ்ச தூரம் போன பிறகு இசைவாணி கேட்டாள்.

"நான் மதகுல சொன்னது பொய்யின்னு இப்பவாவது நம்பறியாப்பா?"

"நம்பறன்மா" என்றார் பொன்னுரங்கம்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு தகரத்தில் தலையைச் சாய்த்தாள். அவர் முழு மனதோடுதான் சொன்னார். என் மகள் எனக்காகத்தான் அப்படிச் சொன்னாள், அவளுக்கு ஒன்றும் இல்லை என்று தனக்குள்ளும் ஒரு தடவை சொல்லிக்கொண்டார். இத்தனை நாள் மழையில் ரோடு பள்ளமும் மேடுமாகக் கிடந்தது. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மடியில் இருந்த அவள் விரல்கள் வெடுக்கென்று உதறின. தோள் ஆடியது. பொன்னுரங்கம் பாய்ந்து அவள் கையை இறுக்கிப் பிடித்தார். மறு கையால் அவள் தாடையைப் பிடித்து, பல் கிட்டித்திருக்கிறதா என்று பார்த்தார்.

இசைவாணி கண்ணைத் திறக்கவில்லை. கையை உதறிக்கொள்ளவும் இல்லை.

"பஸ்ஸுதாம்ப்பா குலுங்குது" என்றாள்.